வில்லியம் மார்ஷலை உயர்த்தியது வாளா, உறவுகளா?

கோட்டைவாசல்

வில்லியம் மார்ஷலைப் பற்றி யார் எழுதினாலும் "தம் காலத்தின் தலைசிறந்த வீரர்" என்று தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். வீரம் உண்மைதான். ஆனால் அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் உறவு நிற்கிறது. அதைப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் பிறந்தது 1147 வாக்கில். தந்தை ஜான் ஃபிட்ஸ்கில்பர்ட், இங்கிலாந்து அரசவையில் மார்ஷல் பதவி வகித்தவர். அந்த நாளில் அரசரின் குதிரை லாயங்களுக்குப் பொறுப்பான பதவி அது. பேரரசி மட்டில்டாவுக்கும் மன்னர் ஸ்டீபனுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் ஜான், மட்டில்டா பக்கம் நின்றார். அண்டை நிலத்துக்காரரான சாலிஸ்பரி பேட்ரிக்கோடு அவருக்குத் தீராத பகை. அதைத் தீர்க்க முதல் மனைவி அடெலினாவை விலக்கிவிட்டு, பேட்ரிக்கின் தங்கை சிபிலை மணந்தார். அந்தச் சமாதானத் திருமணத்தில் பிறந்தவர்தான் வில்லியம். அவர் பிறப்பே ஓர் ஒப்பந்தத்தின் விளைவு.

1152-இல் ஸ்டீபன் நியூபரிக் கோட்டையை முற்றுகையிட்டபோது, அவகாசம் கேட்ட ஜான், பிணையாக இந்தச் சிறுவனைக் கொடுத்தார். கிடைத்த அவகாசத்தில் கோட்டையை ஒப்படைப்பதற்குப் பதில், உள்ளே உணவையும் ஆட்களையும் நிரப்பிக்கொண்டார். பையனைத் தூக்கிலிடுவோம் என்று ஆள் அனுப்பியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்து உருவாக்கச் சம்மட்டியும் பட்டடையும் தன்னிடம் இருக்கின்றன என்று பதில் சொன்னார். கவண்பொறியில் வைத்து வீசவும் சிலர் யோசனை சொன்னார்கள். ஸ்டீபனுக்கு மனம் வரவில்லை. கூடாரத்தில் அந்தப் பையனோடு உட்கார்ந்து, புல்பூண்டுத் தண்டுகளைப் போர்வீரர்களாக வைத்து விளையாடினார்.

ஐந்தாறு வயதில் தந்தையால் கைவிடப்பட்ட இந்தப் பிள்ளை, எழுபது வயதில் ஒரு சிறுவ அரசனைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். இரண்டுக்கும் நடுவில் அவரைத் தாங்கியது எது?

பழஞ்சுவடி

நல்ல கேள்வி. ஆனால் என் பதில் வாள்தான்.

1165-இல் தந்தை இறந்தபோது இவருக்கு ஒரு காணி நிலம்கூட வரவில்லை. இளைய மகனுக்கு அங்கே அதுதான் நிலை. உறவினர் என்ற முறையில் நார்மண்டியின் தாங்கர்வில் பிரபு வீட்டில் போர்ப்பயிற்சி கிடைத்தது. அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. முதல் சண்டையில் எல்லோரும் வியக்கச் சண்டையிட்டார், தன் குதிரையையும் இழந்தார். அன்றிரவு விருந்தில் மாண்டவில் பிரபு, "எனக்கு ஒரு பரிசு கொடு, ஒரு சேணப்பட்டையாவது கொடு" என்று கேட்டார். அத்தனை பேரை வீழ்த்திய இளைஞனிடம் கொடுக்க ஒரு பட்டைகூட இல்லை. பிடிபட்டவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. மேலங்கியை விற்றுத்தான் அடுத்த குதிரை வாங்கினார்.

அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. பிற்பாடு வடபிரான்சின் போர்ப்போட்டிகளில் ரோஜர் டி காஜி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, பெந்தெகொஸ்தே திருநாள் தொடங்கித் தவக்காலம் வரைக்குள் 103 குதிரை வீரர்களைப் பிடித்தார்கள். இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் வில்லியம் ஊழியம் செய்த இளவரசர் வீட்டுச் சமையற்கூடக் கணக்கர். பிடிபட்டவர் குதிரையும் கவசமும் கொடுத்து, மீட்புத்தொகையும் கட்ட வேண்டும். பெயரும் பணமும் ஒருசேர வந்தன.

ஒரு காட்சி போதும். ப்ளூர் என்ற இடத்தில் போட்டி முடிந்து பரிசு கொடுக்க அவரைத் தேடுகிறார்கள், ஆளைக் காணோம். கடைசியில் கொல்லன் பட்டறையில் கண்டுபிடிக்கிறார்கள். அடி வாங்கி நசுங்கிய தலைக்கவசம் கழற்ற முடியாமல் இறுகிப்போயிருக்கிறது. பட்டடையில் தலையை வைத்து மண்டியிட்டிருக்கிறார். கொல்லன் சம்மட்டியாலும் குறட்டாலும் கவசத்தை விரித்துக்கொண்டிருக்கிறான். இந்த மனிதரை எந்த மாமாவும் உயர்த்தவில்லை.

கோட்டைவாசல்

பழஞ்சுவடி ஐயா, போர்ப்போட்டி வரை வந்துவிட்டீர்கள். அந்தப் போட்டிக்களத்துக்கு அவரைக் கொண்டுபோனது யார்? மாமா பேட்ரிக்தான்.

1168-இல் பேட்ரிக், அரசி எலியனோருக்குக் காவலாகப் பொவாத்து நாட்டில் போனபோது, லூசிஞான் குடும்பத்தார் பதுங்கித் தாக்கினார்கள். கவசம் அணியக்கூட நேரம் இல்லாமல் பேட்ரிக் முதுகில் குத்தப்பட்டு இறந்தார். உடன் சென்ற வில்லியம் ஒரு வேலிக்கு முதுகைக் கொடுத்துத் தனியாக நின்று சண்டையிட்டார். வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவன் ஈட்டியைத் தொடையில் பாய்ச்சினான். பிடித்தவர்கள் காயத்துக்கு மருந்து போடவில்லை. வழியில் ஒரு வீட்டுப் பெண், ரொட்டியின் உள்ளே குடைந்து துணிக்கட்டுகளை வைத்து அனுப்பினாள். அதை வைத்துத்தான் காயத்தைக் கட்டிக்கொண்டார்.

எலியனோர் அவரை மீட்டுத் தன் ஆளாக்கிக்கொண்டார். தனக்காக உயிர்விட்டவரின் தங்கை மகன் என்பதுதான் காரணம். 1170-இல் எலியனோரின் மகன் இளைய ஹென்றிக்கு முடிசூட்டியபோது, அந்தப் பதினைந்து வயது அரசனுக்கு ஆயுதப் பயிற்சி தர வில்லியமை நியமித்தார்கள். நீங்கள் சொல்லும் 103 வீரர்களும் அதற்குப் பிறகு வந்தவர்கள்தானே.

பழஞ்சுவடி

அதே நாளில் பேட்ரிக்கோடு வேறு ஆட்களும் இருந்தார்கள். வேலி ஓரத்தில் நின்று சண்டையிட்டவரைத்தான் அரசி மீட்டார். உறவு கதவருகே கொண்டுபோய் விடும்; உள்ளே போக வேறொன்று வேண்டும்.

வேப்பம்பூ

இருவரும் மாமாவிலேயே நிற்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை அந்த வாழ்க்கையின் நடுத்தூண் இசபெல் டி கிளேர்.

திருமணம் நடந்த விதத்திலேயே ஐயாவின் வாளும் வாசலாரின் உறவும் இரண்டும் இருக்கின்றன. 1189 ஜூனில் லெ மான் நகரிலிருந்து இளைய ஹென்றியின் தந்தை, மன்னர் இரண்டாம் ஹென்றி தோற்று ஓடுகிறார். துரத்தி வருபவர் சொந்த மகன் ரிச்சர்ட். பின்னால் காவல் நின்ற வில்லியம் ஈட்டியோடு திரும்பிப் பாய்கிறார். "கொல்லாதே மார்ஷல், நான் கவசம் இல்லாமல் வந்திருக்கிறேன்" என்று ரிச்சர்ட் கத்துகிறார். "உம்மைச் சாத்தான் கொல்லட்டும், நான் கொல்ல மாட்டேன்" என்று சொல்லி ரிச்சர்டின் குதிரையைக் குத்தி வீழ்த்தினார். சில வாரங்களில் ஹென்றி ஷினானில் இறக்க, குதிரை இழந்தவரே மன்னராகிவிட்டார்.

ரிச்சர்ட் பழிவாங்கவில்லை. முதிய அரசர் இசபெலை வில்லியமுக்கு அளித்திருந்தார் என்று யாரோ எடுத்துச் சொன்னபோது, "அவர் வாக்குத்தான் கொடுத்தார், நான் பெண்ணையே கொடுக்கிறேன்" என்றார். லண்டன் கோபுரத்தில் அரசர் காவலில் இருந்த இசபெலுக்கு அப்போது பதினேழு வயதுபோல; மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணச் செலவுக்குக் கையில் பணம் இல்லை. தங்கியிருந்த வீட்டு வணிகர் செலவை ஏற்றுக்கொண்டார்.

யார் இந்த இசபெல்? தந்தை ஸ்ட்ராங்போ என்று பெயர் பெற்ற ரிச்சர்ட் டி கிளேர். தாய் ஈஃபா, அயர்லாந்தின் லென்ஸ்டர் அரசர் டெர்மட் மக்மரோவின் மகள். அந்த ஒரு பெண்ணோடு வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ கோட்டை, லென்ஸ்டர் முழுதும், பெம்புரோக் மீதான உரிமை எல்லாம் வந்தன. அதுவரை ஒரு சிறு நிலக்காரராக இருந்தவர் ஒரே நாளில் பெரும் பிரபுவானார். 1199-இல் ரிச்சர்டின் தம்பி ஜான் முடிசூடிய நாளில் பெம்புரோக் ஏர்ல் என்ற உயர் பிரபுப் பட்டமும் வந்தது.

இதெல்லாம் சொத்துக் கணக்கு. என்னைத் தொடுவது 1207. மன்னர் ஜான், வில்லியமை அயர்லாந்திலிருந்து திரும்ப அழைக்கிறார். அழைப்பது சதி என்று தெரிந்தும் போயாக வேண்டும். கில்கென்னிக் கோட்டையில் தன் ஆட்களைக் கூட்டி, இசபெலைக் கையைப் பிடித்து முன்னே அழைத்து வருகிறார். "இதோ உங்கள் தலைவி, உங்களுக்கெல்லாம் நிலம் கொடுத்தவரின் மகள். கருவுற்றிருக்கிறாள், உங்களிடையே விட்டுப் போகிறேன். இவளைக் காப்பாற்றுங்கள். இவள் உரிமையில்லாமல் எனக்கு இங்கே எதுவும் இல்லை" என்ற பொருளில் பேசுகிறார். ஒரு மத்தியகாலப் பிரபு, நிறைந்த சபையில், எனக்குள்ளது மனைவியால் வந்தது என்று சொல்கிறார்.

அவர் போனதும் அரசரின் ஆள் மெய்லர் ஃபிட்ஸ்ஹென்றி தாக்கினார். முற்றுகைக்குள்ளிருந்த இசபெல், கோட்டை மதில் மேலிருந்து ஓர் ஆளைக் கயிற்றில் இறக்கி உதவி கேட்டு அனுப்பினார். கடைசியில் சிறைப்பட்டது மெய்லர். இங்கிலாந்திலோ கடல் மூடிய குளிர்காலம், செய்தி வராது. அதைப் பயன்படுத்தி, "உன் ஆட்கள் தோற்றார்கள், முக்கியமானவர்கள் செத்தார்கள்" என்று ஜான் வில்லியமிடமே பொய் சொன்னார். வில்லியம் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். கப்பல் வந்ததும்தான் நேர்மாறான செய்தி தெரிந்தது.

நீலக்கடல்

வேப்பம்பூ அவர்களே, அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் இந்தக் காட்சிகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் ஒரே நூல்: வில்லியம் இறந்த சில ஆண்டுகளுக்குள் பழைய பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட, 19,000 வரிக்கு மேற்பட்ட ஒரு செய்யுள் வரலாறு. எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தவர் மூத்த மகன். தகவல் தந்தவர்களில் முதன்மையானவர் வில்லியமின் நெருங்கிய வீரர் எர்லியின் ஜான். குடும்பம் தன் தலைவருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் அது. 1861-இல் லண்டன் ஏலத்தில் ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் கண்ணில் ஒரு முறை பட்டு, பிறகு ஒரு செல்வந்தரின் சேகரத்தில் மறைந்து, இருபது ஆண்டு தேடலுக்குப் பிறகு கிடைத்தது. இன்று நியூயார்க்கில் இருக்கிறது.

ஆகவே புகழுரையைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் எனக்கு உறுத்துவது ஒன்று. 1204-இல் நார்மண்டி பிரெஞ்சு மன்னர் பிலிப் கைக்குப் போனபோது, மற்றவர்கள் அங்குள்ள நிலங்களை இழந்தார்கள். வில்லியம் பிலிப்புக்கும் விசுவாசப் பிரமாணம் செய்து லாங்வில் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார். இரண்டு எதிரி மன்னர்களுக்கு ஒரே நேரத்தில் ஊழியர். ஜானின் சந்தேகம் அங்கேதான் முளைத்தது. ஜான் பிணை கேட்டார். மூத்த மகன் வில்லியமைக் கொடுத்தார், பிறகு இரண்டாம் மகன் ரிச்சர்டையும் கொடுத்தார். இசபெல் விரும்பவில்லை. மட்டில்டா டி பிரியூஸ் என்ற பெண்ணையும் அவள் மகனையும் சிறையில் பட்டினி போட்டுக் கொன்ற மன்னர் இந்த ஜான் என்பதை நினைவில் வையுங்கள். பட்டடைக் கதை சொன்ன தந்தையின் மகன், தன் பிள்ளைகளையும் அதே பணயத்தில் வைத்தார்.

கோட்டைவாசல்

வைத்தார், ஆனால் வாக்கை மீறவில்லை. தந்தை பிணை கொடுத்து ஏமாற்றினார். மகன் பிணை கொடுத்து அடங்கி நடந்தார். பிரியூஸ் குடும்பம் 1208-இல் தப்பி அயர்லாந்து வந்தபோது அடைக்கலம் கொடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஜானின் கையில் இருக்கும்போதே அதைச் செய்தார். பின்னாளில் அவருடைய மகள் ஈவா மணந்ததும் ஒரு பிரியூஸைத்தான்.

பழஞ்சுவடி

1215-ஐ இன்னும் யாரும் தொடவில்லை. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனத்தில் மன்னருக்கு ஆலோசனை சொன்ன பிரபுக்களின் வரிசையில் முதல் ஏர்லாக இருப்பவர் வில்லியம் மார்ஷல். அதை மன்னர்மீது திணித்து, நிறைவேற்றக் காவல் நின்ற 25 பேர் பட்டியலில் இருப்பவர் அவருடைய மூத்த மகன் வில்லியம் மார்ஷல். தந்தை அரசர் பக்கம், மகன் கலகக்காரர் பக்கம். எது வென்றாலும் குடும்பம் பிழைக்கும் என்ற கணக்கு என்று பலர் சொல்கிறார்கள். பிணைக்கைதியாக வருடக்கணக்கில் இருந்த மகனுக்கு ஜான் மேல் கோபம் இருக்க வேறு காரணம் தேவையில்லை என்பது என் கருத்து.

1216 அக்டோபரில் ஜான் இறந்தார். நாட்டில் பாதி பிரெஞ்சு இளவரசர் லூயி வசம். வாரிசு ஒன்பது வயது ஹென்றி. குளோஸ்டரில் முடிசூட்டினார்கள். வில்லியமை ஆட்சிப் பொறுப்பேற்கச் சொன்னபோது, வயதாகிவிட்டது என்று தயங்கினார். எர்லியின் ஜான் தைரியம் சொன்னதும் எழுந்தார்: எல்லோரும் கைவிட்டாலும் இந்தப் பையனைத் தோளில் சுமந்து தீவு தீவாகப் போவேன், பிச்சை எடுத்தாவது காப்பாற்றுவேன் என்றார்.

அடுத்த வசந்தத்தில் மகன் திரும்பி வந்தார். அவரோடு லாங்ஸ்பே வில்லியமும் வந்தார்; அவருடைய மனைவி ஈலா, கொல்லப்பட்ட மாமா பேட்ரிக்கின் பேத்தி. 1217 மே 20 அன்று லிங்கன் போரில் தந்தையும் மகனும் ஒரே பக்கம் நின்றார்கள். கிழவர் ஆவேசத்தில் தலைக்கவசத்தை மறந்து புறப்பட, ஒரு பணியாள் நினைவூட்ட வேண்டியிருந்தது. கோட்டையை நிக்கோலா டி லா ஹே என்ற முதிய பெண்மணி விடாமல் காத்து வைத்திருந்தார். எதிரணித் தளபதி பெர்ஷ் பிரபு தாமஸ் கண்வழியே குத்துண்டு இறந்தார். அவரும் வில்லியமுக்குத் தாய்வழி உறவு; அவரைக் கைதியாக்கத்தான் வில்லியம் கடிவாளத்தைப் பிடித்தார், அந்தச் சாவுக்கு வருந்தினார். வாளால் வென்றது இந்தப் போர். அந்த வாள் இருபுறமும் உறவினரைச் சந்தித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கரிசல்மண்

ஆர்வமாகப் படித்து வருகிறேன். ஒரு கேள்வி. இத்தனை சொத்தையும் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்தார்? மூத்தவருக்கே எல்லாம் போயிற்றா?

வேப்பம்பூ

1219 வசந்தத்தில் நோய் முற்றியதும், ரெடிங் நகருக்கு அருகே காவர்ஷம் வீட்டில் படுத்தபடியே பிரித்தார். ஐந்து மகன், ஐந்து மகள். பத்துப் பேரும் வளர்ந்து ஆளானவர்கள். பெரும் பகுதி மூத்தவர் வில்லியமுக்கு. ரிச்சர்டுக்கு நார்மண்டியின் லாங்வில். கில்பர்ட் திருச்சபைப் பணிக்குப் போனவர். வால்டருக்குக் குட்ரிச் கோட்டை. கடைக்குட்டி ஆன்செல்முக்கு ஒன்றும் வைக்கவில்லை. "நான் சம்பாதித்ததுபோல அவனும் சம்பாதிக்கட்டும்" என்றார். எர்லியின் ஜான் குறுக்கிட்டு, அப்படிச் செய்தால் பாவம் என்று வாதாடிய பிறகே லென்ஸ்டரில் 140 பவுண்டு வருமானமுள்ள நிலத்தை எழுதினார். மணமாகாத ஒரே மகள் ஜோனுக்கு 30 பவுண்டு நிலமும் 200 மார்க் பணமும்.

படுக்கையில் நடந்த மற்றொன்று. ஒரு நாள் அவருக்குப் பாட வேண்டும் என்று ஆசை வந்தது. தான் பாடினால் பைத்தியம் என்பார்கள் என்று தயங்கினார். மகள்களை வரவழைத்தார்கள். மூத்தவள் மாட் பாடினாள். ஜோன் கூச்சத்தில் குரல் எழாமல் பாடினாள். "பாடும்போது கூச்சப்படாதே" என்று சொல்லி, எப்படிப் பாட வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.

எழுத்தர் ஒருவர், பட்டும் ரோமமும் வைத்த எண்பது அங்கிகள் இருக்கின்றன, விற்று ஆன்மாவுக்காகச் செலவிடலாம் என்றார். வில்லியமுக்குக் கோபம் வந்துவிட்டது. பெந்தெகொஸ்தே வருகிறது, என் வீரர்களுக்கு ஆடை கொடுக்க வேண்டும் என்றார். பிடித்த கொள்ளையைத் திருப்பிக் கொடுத்தால்தான் மீட்சி என்று வேறொருவர் சொன்னபோது, வாழ்நாளில் 500 வீரர்களைப் பிடித்தேன், எப்படித் திருப்புவது என்று கேட்டார்.

டெம்ப்ளர் என்ற போர்த்துறவியர் சபையில் சேருவதாக வாக்களித்திருந்தார். அதற்கான வெள்ளை மேலங்கியை ஓராண்டுக்கு முன்பே தைத்து ஒளித்து வைத்திருந்தார். சேர்ந்தபின் பெண்ணைத் தொடக் கூடாது. "இப்போது முத்தமிடு, இனி முடியாது" என்று இசபெலை அழைத்தார். இருவரும் அழுதார்கள். மே 14 அன்று இறந்தார். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் புதைத்தார்கள். அடுத்த ஆண்டே இசபெலும் போய்விட்டார். வேல்ஸில் டின்டர்ன் மடத்தில் புதைக்கப்பட்டார்.

நீலக்கடல்

இதன் தொடர்ச்சி கொடுமையானது. ஐந்து மகன்களும் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பட்டத்துக்கு வந்தார்கள். ஒருவருக்கும் சட்டப்படியான வாரிசு இல்லை.

மூத்தவர் மன்னர் ஹென்றியின் தங்கை எலியனோரை மணந்து, 1231-இல் இறந்தார். ரிச்சர்ட் அதே மன்னரோடு மோதி, 1234-இல் அயர்லாந்தின் குரா சமவெளியில் வஞ்சகமாகக் காயப்படுத்தப்பட்டு இறந்தார். எந்தச் சிறுவனைத் தோளில் சுமப்பேன் என்று தந்தை சொன்னாரோ, அந்தச் சிறுவன் வளர்ந்து ஆண்டபோது நடந்தது இது. திருச்சபையை விட்டு வந்த கில்பர்ட், 1241-இல் ஒரு போர்ப்போட்டியில் கடிவாளம் அறுந்து குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். தந்தைக்குப் பெயர் கொடுத்த விளையாட்டு மகனைக் கொன்றது. வால்டர் 1245 நவம்பரில், ஆன்செல்ம் அடுத்த மாதமே.

அயர்லாந்தின் ஃபெர்ன்ஸ் ஆயரிடமிருந்து வில்லியம் இரண்டு நிலங்களைப் பறித்தார், அவர் சபித்தார், மகன்கள் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்ததால் வம்சம் அழிந்தது என்று மத்தேயு பாரிஸ் என்ற துறவி எழுதி வைத்தார். அந்த நாளில் மக்கள் அதை நம்பியதில் வியப்பில்லை.

வேப்பம்பூ

சாபம் பலித்தது என்று சொல்வது, மகன்களை மட்டும் எண்ணிச் சொல்வது. மகள்களை எண்ணுங்கள்.

மாட் முதலில் நார்ஃபோக் பிகாட் குடும்பத்திலும், பிறகு சர்ரே பிரபு வாரனுக்கும் வாழ்க்கைப்பட்டாள். இசபெல் முதலில் குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேருக்கு, பிறகு மன்னரின் தம்பி கார்ன்வால் ரிச்சர்டுக்கு. 1240-இல் பிரசவத்தில் இறந்தபோது முதல் கணவர் அருகே புதைக்கச் சொன்னாள். ரிச்சர்ட் உடலைப் பியூலி மடத்தில் வைத்து, இதயத்தை மட்டும் டியூக்ஸ்பரிக்கு அனுப்பினார். சிபில், டெர்பி பிரபு வீட்டில் ஏழு பெண்களைப் பெற்றாள். ஈவாவின் கணவரை வேல்ஸ் அரசர் லூவெலின் 1230-இல் தூக்கிலிட்டார். அவள் தனியாக நிலத்தை ஆண்டாள். ஜோன், மன்சென்சி குடும்பத்தில் மணந்தாள்.

1247-இல் லென்ஸ்டரை ஐந்தாகப் பிரித்தார்கள்: கார்லோ மாட்டின் பங்கு, கில்கென்னி இசபெலின் வழியினருக்கு, கில்டேர் சிபிலின் பெண்களுக்கு, டனமேஸ் ஈவாவின் பெண்கள் வழி, வெக்ஸ்ஃபோர்ட் ஜோனின் வழி. ஜோனின் மகளை மணந்த வலென்ஸ் குடும்பத்துக்கே பெம்புரோக் போயிற்று. இசபெலின் கொள்ளுப்பேரன் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ். ஈவாவின் மகள் வழியில் மார்ட்டிமர்கள், அவர்கள் வழியில் பின்னாளில் மன்னர் நான்காம் எட்வர்ட்.

கரிசல்மண்

மார்ஷல் பதவி யாருக்குப் போயிற்று? இன்று இங்கிலாந்தில் முடிசூட்டு விழா நடத்துபவரை ஏர்ல் மார்ஷல் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

கோட்டைவாசல்

பதவி ஒன்றுதான், கரிசல்மண் தம்பி. சகோதரர்கள் ஐவரும் போனபின் மூத்த மகள் மாட்டிடம் மன்னர் மார்ஷல் கோலைக் கொடுத்தார். அவள் வழியே பிகாட் குடும்பத்துக்குப் போயிற்று. 1306-இல் அந்தக் குடும்பமும் வாரிசின்றி முடிந்து, பதவி அரசரிடம் திரும்பியது. மறுபடி வழங்கப்பட்டுக் கைமாறி ஹவர்ட் குடும்பத்தின் நார்ஃபோக் டியூக்குகளிடம் நிலைத்தது. 2023-இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவை ஏற்பாடு செய்தவர் அந்த நார்ஃபோக் டியூக்தான்.

பழஞ்சுவடி

மாட்டிடம் கோல் போனது 1246-இல். ஒரு பெண் மார்ஷல் உரிமையைத் தன் பெயரிலேயே பெற்றது சாதாரணமல்ல. அடுத்து அவளைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், வேப்பம்பூ அவர்களே. இரண்டு கணவர்களின் பட்டங்களுக்கும் முன்னதாக அவள் தன்னை இங்கிலாந்தின் மார்ஷல் என்று அழைத்துக்கொண்ட சாசனங்களிலிருந்து தொடங்கலாம்.